கலயமும் கதவும்

மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் காவல் நிற்க, நடுவே முல்லையாறு ஓடி வளம் பெருக்கும் நிலம் கம்பம் பள்ளத்தாக்கு. மலையடியில் கூடலூர், பின்னர் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஆற்றின் வழியே ஊர்கள் நிரல்பட அமைந்து, தேனியில் வந்து நிறைவுறுகின்றன. நெடுங்காலம் மதுரை மாவட்டத்தோடு இணைந்திருந்த இப்பகுதி, 1996ஆம் ஆண்டில் தேனி மாவட்டம் எனத் தனிப்பெயர் பெற்றது. இங்கே கோயில் இல்லாத ஊரும் இல்லை. விழா இல்லாத மாதமும் இல்லை.

இந்நிலத்தின் சமய வரலாற்றை எங்கே தேடிப் படிப்பது? மன்னர் பெயர்களும் போர்களும் எழுதப்பட்ட நூல்கள் உண்டு. சித்தாந்தத்தை விளக்கும் மெய்கண்ட சாத்திரங்கள் 14 உண்டு. ஆயினும் இப்பள்ளத்தாக்கில் ஏர் பிடித்தவரும், நாற்று நட்டவரும், மாடு மேய்த்தவரும் அந்நூல்களைக் கற்றுச் சமயம் அறிந்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்தவை ஒரு மண்கலயம், ஒரு வேப்பிலைக் கொத்து, ஒரு பிடி திருநீறு, ஓர் அகல்விளக்கு. இவற்றை ஏந்தியும் ஏற்றியும் பூசியும் வந்த பழக்கத்திலேயே, இறைவன் யார், உயிர் யார், உறவு யாது என்னும் கொள்கைகள் அவர்கள் நெஞ்சில் வேர் கொண்டன. வாய் சொல்லி மறந்ததைக் கை செய்து நினைவில் வைத்தது எனலாம்.

ஆகவே, இன்று நாம் பெரிய தத்துவங்களை விடுத்து, சிறிய பொருள்களின் வரலாற்றைச் சிந்திப்போம். ஒரு கலயம் நமக்கு என்ன கற்பித்தது? ஒரு கதவு என்ன கற்பித்தது? அவை கற்பித்தவற்றுள் போற்றத்தக்கவை எவை, மாற்றத்தக்கவை எவை? இவ்வினாக்களே நம் சிந்தனைக்கு உரியவை.

முல்லையாற்று நீரும் மண்கலயமும்

வீரபாண்டியில் முல்லையாற்றின் கரையில் கௌமாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அருகிலேயே கண்ணீஸ்வரமுடையார் என்னும் திருநாமத்தோடு ஈசன் எழுந்தருளியிருக்கிறான். கண்ணொளி இழந்த பாண்டியன் ஒருவன் இத்தலத்தில் வழிபட்டு மீண்டும் பார்வை பெற்றான் என்பது தலவரலாறு. சித்திரைத் திங்களில் எட்டு நாள் நடைபெறும் பெருவிழாவுக்கு இப்பள்ளத்தாக்கே திரண்டு வருவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம்.

விழாவின் தொடக்கம் தேரும் அன்று, வாணவேடிக்கையும் அன்று. அத்திமரத்தின் முக்கிளைக் கொம்பு ஒன்றை வெட்டிக் கொணர்ந்து அம்மன் சந்நிதி முன் நடுகிறார்கள். அதனைத் திருக்கம்பம் என்று போற்றுகிறோம். விழாவுக்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்பே இது நடப்பட்டுவிடும். அம்மன் முன் நட்ட கம்பத்தை ஈசனாகவே பாவிப்பது நம் நாட்டு அம்மன் கோயில்களில் பரவலாகக் காணப்படும் மரபு. அன்று முதல் ஆணும் பெண்ணும், முதியோரும் சிறுவரும் முல்லையாற்றில் நீராடி, கலயத்தில் நீர் முகந்து, மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வந்து கம்பத்துக்கு வார்க்கிறார்கள்.

இதில் ஒரு பெரிய கருத்து அடங்கியிருக்கிறது. கருவறையில் இறைவனுக்குத் திருமுழுக்காட்டும் உரிமை அனைவர்க்கும் இல்லை; அது ஆகம விதிப்படி ஒருசிலர் கடமை. ஆனால் கம்பத்துக்கு நீர் வார்க்க மந்திரம் வேண்டுவதில்லை. கலயம் ஏந்திய கையே தகுதி. கோடை வெயில் கொளுத்தும் சித்திரையில், ஆற்று நீரைத் தானே சுமந்து, தன் கையாலேயே இறைவனைக் குளிர்விக்கலாம் என்னும் உறுதியை அக்கலயம் ஒவ்வோர் எளியவனுக்கும் அளித்தது. இறைவன் எட்டாத தொலைவில் இல்லை என்று நூறு சொற்பொழிவுகள் செய்தாலும், ஒரு கலயம் நீர் உணர்த்துவது போல் உணர்த்த இயலுமோ?

அக்கலயத்தைச் செய்தவரையும் நாம் நினைக்க வேண்டும். மண்ணைக் குழைத்து, சக்கரத்தில் ஏற்றி, சூளையில் சுட்டெடுத்த குயவர் இல்லையேல் நீரும் இல்லை, தீச்சட்டியும் இல்லை. தில்லையில் வாழ்ந்து, அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்த திருநீலகண்டரை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்து வணங்குகிறோம். தொழிலையே தொண்டாக்கியவர் அவர். வீரபாண்டி விழாவில் நாம் ஏந்தும் ஒவ்வொரு சட்டியிலும் அத்தொண்டின் தொடர்ச்சி இருக்கிறது.

நோய் போயிற்று, பானை நின்றது

வீரபாண்டியில் நேர்த்திக்கடன்கள் பல. தீச்சட்டி ஏந்துவோர் உண்டு. ஆயிரங்கண் பானை எடுப்போர் உண்டு. பல கண்கள் இட்ட அம்மண்பானையைத் தலையில் சுமந்து வருவது, அம்மை கண்ட உடல் நலம் பெற்றமைக்கும் கண்ணொளிக்கும் செலுத்தும் நன்றிக்கடனாகக் கருதப்பட்டது. பெரியம்மை மனிதரைக் கொள்ளை கொண்ட காலம் அது. பிழைத்தவர் முகத்தில் தழும்பும், சிலர்க்குக் கண்ணிழப்பும் எஞ்சின. அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகினர். பிறர் அவ்வீட்டுக்குள் வருவதைத் தவிர்த்தனர். நோயைச் சினந்து பேசாமல், ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்று பணிந்து பேசினர்.

பின்னர் அறிவியல் தன் கடமையைச் செய்தது. தடுப்பூசி ஊர்தோறும் சென்றது. இந்தியாவில் பெரியம்மை 1975ஆம் ஆண்டோடு நின்றது. 1980ஆம் ஆண்டு மே மாதம், உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்துவிட்டது என உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. நோய் போயிற்று. எனினும் ஆயிரங்கண் பானை போகவில்லை. இன்றும் அது வீரபாண்டியில் தலைமேல் ஏறி வருகிறது.

இதனைச் சிலர் அறியாமை என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு பொருள் முதலில் அச்சத்தால் கையில் ஏறுகிறது. பிறகு நன்றியால் நிலைக்கிறது. இறுதியில் குடும்பத்தின் நினைவாக ஆகிவிடுகிறது. பாட்டி எடுத்த பானையைப் பேத்தி எடுக்கிறாள். பாட்டி அஞ்சிய நோயைப் பேத்தி கண்டதே இல்லை. ஆனால் பாட்டியின் அச்சமும், அவள் பெற்ற மீட்சியும் அப்பானையின் வழியே பேத்தியின் தோளுக்கு வந்து சேர்கின்றன. தடுப்பூசியை மறுக்காமலும் பானையைக் கைவிடாமலும் இரண்டையும் ஏற்றுக்கொண்ட நம் தாய்மாரின் அறிவு பெரிதும் பாராட்டுக்குரியது.

சேறும் நீறும்

அவ்விழாவில் காணும் மற்றொரு காட்சி சேத்தாண்டி வேடம். உடல் முழுதும் சேற்றைப் பூசிக்கொண்டு வந்து வேண்டுதலை நிறைவேற்றுகிறார்கள். சேறு பூசிய உடலில் நிறம் தெரிவதில்லை; உடுத்த ஆடையின் விலை தெரிவதில்லை; அணிகலன் தெரிவதில்லை. நிலம் உடையவனும் அந்நிலத்தில் கூலிக்கு உழுதவனும் ஒரே மண்ணின் நிறத்தில் நிற்கிறார்கள்.

சைவம் திருநீற்றின் வழியே கூறுவதும் இதுவே அன்றோ? எரிந்து முடிந்த எதுவும் இறுதியில் சாம்பலாகும். அச்சாம்பலில் உயர்வு தாழ்வு இல்லை. அந்நினைவை நாள்தோறும் நெற்றியில் தரிக்கச் செய்தனர் நம் முன்னோர். சேறு தொடக்கத்தை நினைவூட்டுகிறது. நீறு முடிவை நினைவூட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் சில நாள் வாழும் மனிதன், தன்னைப் பிறரினும் மேலானவன் என்று எண்ணுவதற்கு இடம் ஏது? எழுத்தறியாதவனும் இக்கேள்வியைத் தன் உடம்பாலேயே கேட்டுக்கொள்ளுமாறு வழக்கம் அமைந்தது.

செப்பேடும் பாறையும்

மக்கள் மண்ணில் எழுதியதை மன்னர் செம்பில் எழுதினர். வீரபாண்டிக்குத் தென்மேற்கே சற்றுத் தொலைவில் உள்ள சின்னமனூர், பாண்டியர் வரலாற்றுக்கு இன்றியமையாத ஊர். அரிகேசரிநல்லூர் என்பது அதன் பழம்பெயர். சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று அறிஞர் போற்றுபவை இவ்வூரில் கிடைத்தவையே. அவற்றுள் பெரிய தொகுதி, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனுடையது. வடமொழியும் தமிழும் விரவிய அச்சாசனம், மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் பெருமைகளாக எடுத்துரைக்கிறது. நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று பெயர் மாற்றி அந்தணர்க்கு அளித்த செய்தியும் அதில் உண்டு.

ஊர் கொடுப்பது அரசன் விருப்பம். அதனை ஓலையில் எழுதினாலும் போதும். செம்பில் ஏன் வெட்டினான்? தன் கொடை அழியாது, தன் குலம் அழியாது, தன் காலத்துச் சமுதாய அமைப்பும் அழியாது என்னும் எண்ணத்தை அவ்வுலோகத்தில் பதித்தான். பெயர் மாறிய ஊரில் அதன்பின் பிறந்த குழந்தைக்குப் புதுப்பெயரே இயற்கையான பெயர். இவ்வாறு ஓர் ஆட்சியின் கொள்கை ஒரு செப்பேட்டில் தொடங்கி, ஊர்ப்பெயராகி, மக்கள் வாயில் அன்றாடச் சொல்லாகிவிடுகிறது.

செம்பு அழியாதிருக்கலாம், கொள்கை மாறாதிருக்குமா? உத்தமபாளையத்துக் குன்று இதற்கு விடை கூறும். திருக்குணகிரி என்று முற்காலத்தில் வழங்கிய அக்குன்றின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. மதுரைச் சுற்றுப்புறத்து மலைகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி முனிவர் பெயர் இங்கும் உண்டு. காலம் மாறியது, சமணர் இங்கே அருகினர். ஆயினும் மக்கள் அப்பாறையை வெறும் பாறையாக விட்டுவிடவில்லை. கருப்பணசாமி அங்கே குடிகொண்டார். தீர்த்தங்கரரின் பாறை, கருப்பணசாமி பாறை என்று பெயர் பெற்றது. கொள்கை மாறினாலும், வணங்கிய இடத்தை மீண்டும் வணங்கும் பழக்கம் மாறவில்லை. சொல்லைவிட இடமும் பொருளும் எவ்வளவு வலியவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதே உத்தமபாளையத்தில் திருக்காளாத்தீஸ்வரர் ஞானாம்பிகையோடு எழுந்தருளியிருக்கிறார். தென்காளத்தி என்று நாம் போற்றும் அத்தலத்தில் நின்றால், காளத்தி வேடரான கண்ணப்பர் நினைவுக்கு வராமல் இரார். வாயில் முகந்த நீரே அவர் கொணர்ந்த திருமஞ்சனம். தலைமயிரில் செருகிய மலரே அருச்சனை. தாம் சுவைத்துப் பார்த்த ஊனே திருவமுது. சிவகோசரியார் அதனைக் கண்டு அஞ்சி வருந்தினார். அவர் கொண்டிருந்த தூய்மைக் கொள்கை, நீரிலும் பாத்திரத்திலும் உருவானது. கண்ணப்பரின் அன்பும் நீரிலேதான் உருவானது. ஆனால் வாய் நீரில். இரண்டையும் ஏற்ற இறைவன், எது மேலானது என்று அந்தணர் கனவில் உணர்த்தியருளினான். பொருளின் தூய்மையைவிடப் பொருளைத் தரும் நெஞ்சின் தூய்மை பெரிது என்பதே அவ்வரலாறு நமக்குத் தரும் அளவுகோல். இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நம் கண்முன் பிறந்த ஒரு வழிபாடு

பழையவற்றை மட்டுமே வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. வழக்கங்கள் நம் காலத்திலும் பிறக்கின்றன. பெரியாற்று நீரை மலை குடைந்து கிழக்கே திருப்ப, 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் ஆயிற்று. பொறியாளர் பென்னி குயிக் தலைமையில் அணை எழுந்து, 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நீர் திறக்கப்பட்டது. தேக்கடிச் சுரங்க வழியே இறங்கும் அந்நீர் முல்லையாற்றோடு கலந்து இப்பள்ளத்தாக்கை இருபோக நிலமாக்கியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நெல் வயல் இந்நீரை நம்பியே உள்ளது.

முதல் போகத்துக்கு நீர் திறக்கும் நாளில் மதகருகே பூசை செய்து, பாய்ந்து வரும் நீரில் மலர் தூவுகிறார்கள். அரசு அதிகாரியும் உழவரும் ஒருசேர நின்று செய்யும் வழிபாடு அது. பென்னி குயிக் பிறந்த சனவரி 15ஆம் நாள் தைப்பொங்கலையொட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. வேற்று நாட்டவர், வேற்றுச் சமயத்தவர். எனினும் நீர் தந்தவரைத் தெய்வத்துக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றும் பண்பு நம் உழவர்க்கு உண்டு. ஒரு பொங்கல் பானையில் நன்றி என்னும் அறம் உருவாவதை நாமே காண்கிறோம்.

அதே வேளையில் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் நின்று கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, உயிர் நீத்த தொழிலாளர் எண்ணற்றோர். அவர்கள் பெயர் சொல்லிப் பொங்கும் பானை இல்லை. ஒரு வழக்கம் ஒருவரை நினைவில் வைக்கும்போது பலரை மறக்கவும் செய்கிறது. ஆகவே, எந்தச் சடங்கைச் செய்தாலும், இதில் யார் நினைக்கப்படுகிறார், யார் விடுபடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுதல் அறிவுடையோர் கடமை ஆகும்.

இரண்டு கதவுகள்

இக்கேள்வி நம்மை ஒரு கதவின் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. தேனி மாவட்டத்தின் கீழ்த்திசையில், மஞ்சளாற்றை ஒட்டி அமைந்த தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் உள்ளது. அங்கே கருவறைக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்கே மாலை. மூடிய கதவுக்கே தீபம். மூடிய கதவுக்கே பூசை. அன்னையின் திருவுருவை எவரும் கண்டதில்லை. செல்வர்க்கும் திறவாது, ஏழைக்கும் திறவாது. அந்தக் கதவின் முன் அனைவரும் சமம். உள்ளே இருப்பவளைக் கண்ணால் காணாமலே கசிந்து உருகும் பக்தியை அக்கதவு கற்பித்தது. உருவம் கடந்த பரம்பொருள் என்று சாத்திரம் சொல்வதை ஒரு மரக்கதவு உணர்த்திவிட்டது.

எல்லார்க்கும் மூடிய கதவு இவ்வாறு ஞானம் தந்தது. சிலர்க்கு மட்டும் மூடிய கதவு என்ன தந்தது? ஆதனூரில் ஊருக்குப் புறம்பே வாழ்ந்த நந்தனாரை நினைவோம். கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோல் அளித்தவர் அவர். விசிவார் அளித்தவர் அவர். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு அளித்தவர் அவர். அவர் கை தொட்ட தோல் கோயிலுக்குள் சென்று முழங்கியது. அவர் கை தொட்ட நரம்பு சந்நிதியில் இசைத்தது. அவர் மட்டும் வெளியே நின்றார். பொருள் உள்ளே போயிற்று. பொருளைத் தந்த மனிதர் உள்ளே போக முடியவில்லை. திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்து இறைவன் தன் தீர்ப்பை உரைத்துவிட்டான். அத்தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு நம் சமுதாயம் எத்தனை நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது!

நம் மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அரச ஆணையால் கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அச்செய்தி இங்கும் பரவியது. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள், அ. வைத்தியநாதய்யர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபடச் செய்தார். கோயில் நிருவாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் எழுந்தது. அவ்வாண்டே அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் இயற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக் கோயில்கள் அனைத்தையும் எல்லா இந்துக்களுக்கும் உரியன ஆக்கியது. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17ஆம் பிரிவால் தீண்டாமையையே ஒழித்தது.

சட்டம் கதவைத் திறந்தது. ஆனால், அன்பர்களே, கொள்கை கதவில் மட்டும் குடியிருக்கவில்லை. கதவை விட்டு வெளியேறியபோது அது வேறொரு பொருளில் புகுந்துகொண்டது.

குவளையில் குடிபுகுந்த பழமை

தேநீர் நம் முன்னோர் அறியாத பானம். ஆகமத்தில் அதற்கு விதி இல்லை. புராணத்தில் அதற்குக் கதை இல்லை. மேகமலையிலும் மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய பிறகே அது நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது. புதிதாக வந்த அப்பானத்துக்குப் புதிய வழக்கம் அமைந்திருக்கலாம். அவ்வாறு அமையவில்லை. தென்மாவட்டங்களின் பல சிற்றூர்களில் தேநீர்க் கடைகள் இரட்டைக் குவளை வைத்தன. ஊராருக்கு ஒன்று, ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று. ஊரார் உள்ளே அமர்ந்து குடிக்க, மற்றவர் வெளியே நின்று குடித்துத் தம் குவளையைத் தாமே கழுவி வைக்க வேண்டியிருந்தது.

மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகளுள் அவ்வொடுக்கப்பட்டோர் கைகளும் இருந்தன. அவர்கள் பறித்த இலை தீட்டு ஆகவில்லை. அவர்கள் குடித்த குவளை தீட்டு ஆயிற்றாம்! ஆதனூரில் தோலுக்கும் நந்தனாருக்கும் நேர்ந்தது, நம் காலத்தில் இலைக்கும் தொழிலாளிக்கும் நேர்ந்தது. எந்த நூலும் ஆணையிடாத இவ்வழக்கத்தை ஒரு கண்ணாடிக் குவளை கற்பித்தது. கடையில் தந்தையின் கைப்பிடித்து நின்ற சிறுவன் எந்தச் சாதிநூலையும் படிக்கவில்லை. ஆணியில் தனியே தொங்கிய குவளையைப் பார்த்தான். தான் யார், எதிரே நிற்பவன் யார் என்று பிழையாகக் கற்றுக்கொண்டான்.

1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தகைய செயலைத் தண்டனைக்குரியதாக்கியது. 1976ஆம் ஆண்டில் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரோடு கடுமையாக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. சட்டத்துக்கு அஞ்சிச் சில கடைகள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பைக்கு மாறின. கோப்பை மாறியது, நெஞ்சு மாறியதா என்பதை அவரவர் அறிவர். பொருளை மாற்றிவிட்டால் கொள்கை மாறிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை; கொள்கையை மட்டும் பேசிப் பொருளை மாற்றாது விட்டால் எதுவும் மாறாது என்பது முழு உண்மை.

நம் கையில் இருப்பவை

மெய்யன்பர்களே! வீரபாண்டிக் கலயத்தையும் தேநீர்க் குவளையையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். இரண்டும் நீர் ஏந்தும் பாத்திரங்களே. ஒன்று, ‘நீயும் இறைவனைத் தொடலாம்’ என்று எளியவனுக்குச் சொன்னது. மற்றொன்று, ‘உன்னை மனிதனும் தொடமாட்டான்’ என்று அதே எளியவனுக்குச் சொன்னது. காலையில் கலயம் சுமந்து கம்பத்துக்கு நீர் வார்த்தவர், மாலையில் கடைவாயிலில் தனிக்குவளைக்காகக் காத்து நின்றார். கம்பத்தில் வார்த்த நீரை ஈசன் யார் கை என்று கேளாமல் ஏற்றான். கேட்டவன் மனிதன். கண்ணப்பர் வரலாற்றை விழாத்தோறும் கேட்டு மகிழ்ந்த நாம், அதன் பொருளைக் கோயில் வாயிலிலேயே விட்டு வீடு திரும்பினோமோ என்று நாணாமல் இருக்க முடியாது.

சைவம் நூலில் மட்டும் வாழ்வது அன்று. அது நம் வீட்டுச் செம்பிலும், நம் வாசல் திண்ணையிலும், நம் விழாப் பந்தியிலும் வாழ வேண்டும். அன்னதானப் பந்தியில் யார் முதலில் அமர்கிறார், யாருக்கு இறுதியில் இலை விழுகிறது? தேர்வடத்தில் எல்லாக் கைகளும் சேர்கின்றனவா? தேர் எல்லாத் தெருக்களுக்கும் செல்கிறதா? வெயிலில் வைத்த தண்ணீர்ப் பந்தலில் ஒரே குவளை எல்லார் கைக்கும் செல்கிறதா? அப்பூதியடிகள் தாம் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரால் வைத்த தண்ணீர்ப் பந்தல் வழிப்போக்கர் எவர்க்கும் உரியதாயிருந்தது. சைவத்தின் தண்ணீர்க் கொள்கை அதுவே.

இவ்வினாக்கள் சிறியவை போலத் தோன்றும். சிறியவற்றிலேயே பெரியவை உருவாகின்றன என்பதைத்தான் இதுவரை கண்டோம். செப்பேட்டில் எழுதிய ஊர்ப்பெயர் மாறியிருக்கிறது. பாறையில் வணங்கிய தெய்வம் மாறியிருக்கிறது. பெரியம்மை ஒழிந்தும் பானை நிலைத்திருக்கிறது. வேற்று நாட்டுப் பொறியாளர்க்குப் புதுப்பொங்கல் பிறந்திருக்கிறது. மாறவே மாறாது என்று எண்ணத்தக்க வழக்கம் ஒன்றும் இப்பள்ளத்தாக்கில் இல்லை. நல்லதை நிலைக்கச் செய்வதும் அல்லதை நீக்குவதும் நம் கையில்தான் உள்ளன.

அடுத்த சித்திரையில் நாம் மீண்டும் முல்லையாற்றில் இறங்கி நீர் முகப்போம். அருகில் நிற்பவர் யாராயினும் அவர் கலயத்தைத் தூக்கித் தலையில் ஏற்றிவிடுவோம். நம் கலயத்தை அவர் கையால் ஏற்றிவிடச் சொல்வோம். அவ்வாறு கைமாறும் கலயத்தில் உள்ள நீர் கம்பத்தைச் சேரும்போது, அங்கே குளிர்வது ஈசன் திருவுள்ளமும் அன்னை கௌமாரியின் திருவுள்ளமும் ஆகும். அத்தகைய நெஞ்சை நம் அனைவர்க்கும் கண்ணீஸ்வரமுடையார் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்.